ஈறுக் கறுப்பை உறையவைத்து நீக்குவது: உள்ளே என்ன நடக்கிறது?

ஈறு கறுப்பாக இருப்பவர்களுக்கு அறிவுரை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஒழுங்காகப் பல் தேய்க்காததால் வந்தது என்பார் ஒருவர். ரத்தம் கெட்டுவிட்டது, சத்துக் குறைவு, ஈறு அழுகுகிறது என்பார் இன்னொருவர். உப்பு, எலுமிச்சை, கரித்தூள் என்று எதையாவது போட்டுத் தேய்க்கச் சொல்லும் காணொளிகளோ எண்ணிக்கையில் அடங்காதவை. கல்யாணப் பேச்சு தொடங்கும் வயதில் இது இன்னும் கூடிவிடும். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்ளும் பழக்கம் பல பெண்பிள்ளைகளுக்கு இப்படித்தான் வருகிறது.

இந்தப் பேச்சில் இப்போது ‘ஐஸ் ட்ரீட்மென்ட்’ என்ற பெயரும் அடிபடுகிறது. ஈறில் ஐஸ் வைத்தால் கறுப்பு போய்விடும், வலிக்காது, ரத்தம் வராது, திரும்பவும் வராது என்று சொல்கிறார்கள். இதில் ஒரு பகுதி உண்மை, ஒரு பகுதி அரைகுறை, ஒரு பகுதி முழுத் தவறு. எது எது என்று பிரித்துப் பார்க்க, ஈறின் கறுப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கறுப்பு எங்கே இருக்கிறது?

பல்லைச் சுற்றியுள்ள ஈறின் மேற்புறத்தில், நம் தோலைப் போலவே, செல்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்த ஒரு படலம் இருக்கிறது. இதை மேற்படலம் என்று வைத்துக்கொள்வோம். இதன் தடிமன் சுமார் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர்தான். இதற்குக் கீழே ரத்தக் குழாய்களும் நரம்புகளும் கொலாஜன் என்ற உறுதியான புரத நாரும் நிறைந்த இணைப்புத் திசு. அதற்கும் கீழே எலும்பு.

மேற்படலத்தின் ஆக அடியில் உள்ள வரிசையில், சாதாரணச் செல்களுக்கு நடுவே ஆங்காங்கே வேறொரு வகைச் செல் உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் மெலனோசைட். நிறமிச் செல் என்று சொல்லலாம். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மெலனின் என்ற பழுப்புக் கறுப்பு நிறமியைத் தயாரிப்பதுதான் இதன் வேலை. தயாரித்ததைச் சிறு சிறு பொட்டலங்களாக்கி, தன் மெல்லிய கிளைகள் வழியே அக்கம்பக்கத்துச் செல்களுக்குக் கொடுத்துவிடும். நாம் வெளியிலிருந்து பார்க்கும் கருமை, இப்படிப் பங்கிடப்பட்ட பொட்டலங்களின் நிறம்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒன்று உண்டு. வெளுத்த ஈறு உள்ளவருக்கும் கறுத்த ஈறு உள்ளவருக்கும் நிறமிச் செல்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். அவை எவ்வளவு மும்முரமாக வேலை செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. அந்த மும்முரம் பெரும்பாலும் பிறப்பிலேயே, மரபணுவால், தீர்மானமாகிறது. தெற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வேறு பல நிலங்களிலும் கோடிக்கணக்கானவர்களுக்கு ஈறு பழுப்பாகவோ நீலக் கறுப்பாகவோ இருப்பது இதனால்தான். அமெரிக்கப் பல் மருத்துவர் கிளிஃப்டன் டம்மெட் இந்த நிறங்களை நோயாகப் பார்க்காமல் இயல்பின் பல சாயல்களாகப் பார்த்து, 1964-இல் குப்தா என்பவருடன் சேர்ந்து ஓர் அளவுகோல் வகுத்தார். இளஞ்சிவப்புக்கு 0, இளம்பழுப்புக்கு 1, நடுத்தரப் பழுப்புக்கு 2, அடர்பழுப்புக்கும் நீலக் கறுப்புக்கும் 3. இன்றும் பல் மருத்துவக் கல்லூரிகளில் அந்த அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது.

அழுக்கு மேலே ஒட்டியிருந்தால் தேய்த்தால் போகும். இந்த நிறமியோ மேற்படலத்தின் அடிவரிசையில் ஒவ்வொரு நாளும் புதிதாகத் தயாராகிறது. எவ்வளவு தேய்த்தாலும் ஈறு புண்ணாகுமே தவிர நிறம் மாறாது. எலுமிச்சைச் சாறு பல்லின் எனாமலை அரிக்கும். கரித்தூள் ஈறையும் பல்லையும் உராய்க்கும். இவை இரண்டுமே அடிவரிசையில் இருக்கும் செல்லை எட்டுவதில்லை.

ஆக, ஈறின் இயற்கைக் கறுப்பு என்பது மேற்படலத்தின் அடியில் உள்ள நிறமிச் செல்கள் செய்யும் மெலனின். அது நோயும் இல்லை, அழுக்கும் இல்லை. அதை நீக்க வேண்டுமென்றால் அந்தச் செல்களையே நீக்கியாக வேண்டும்.

எல்லாக் கறுப்பும் இயற்கையானது இல்லை

உறையவைப்பதைப் பற்றிப் பேசும் முன் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகக் கூடாது. பிறவியில் வரும் கருமை சிறு வயதிலிருந்தே இருக்கும், இடமும் வலமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், வலிக்காது, வீங்காது. முன்பல் பக்கத்து ஈறில், பல்லோடு இறுகப் பிடித்திருக்கும் பட்டையில், அதிகமாகத் தெரியும். வயது ஏறும்போது சற்று அடரவும் கூடும்.

புகை பிடிப்பவர்களுக்கு வரும் கருமை வேறு. புகையிலைப் புகை நிறமிச் செல்லைத் தூண்டிவிடுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த ஹெடின் 1977-இல் இதை ‘புகைப்பவர் கருமை’ என்று தனியே பெயரிட்டு விவரித்தார். புகைப்பதை விட்டால் மாதங்கள், சில வேளை ஆண்டுகள் கழித்து இது தானாகவே வெளிறும். வீட்டில் பெற்றோர் புகைக்கும் பிள்ளைகளின் ஈறிலும் கருமை கூடுதலாகக் காணப்படுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2005-இல் எழுதினார்கள். பத்து வயதுப் பிள்ளையின் ஈறு கறுப்பாக இருக்கிறதே என்று கவலைப்படும் அப்பா, முதலில் தன் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கலாம்.

மலேரியாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கும் குளோரோகுயின் வகை மருந்துகள், முகப்பருவுக்குக் கொடுக்கும் மினோசைக்ளின் ஆகியவற்றாலும் வாயில் நிறம் மாறலாம். சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி சரியாக வேலை செய்யாத அடிசன் நோயில், வாயிலும் தோலிலும் புதிதாகக் கருமை படரும். அதோடு களைப்பு, எடைக் குறைவு, தலைசுற்றல் எல்லாம் வரும். வெள்ளிச் சிமெண்ட் என்று நாம் சொல்லும் பழைய பல் அடைப்பின் உலோகத் துகள் ஈறில் புதைந்து ஒரே இடத்தில் நீலச்சாம்பல் புள்ளியாகத் தெரிவதும் உண்டு. மிக அரிதாக, மெலனோமா என்ற புற்றுநோயும் கறுப்புப் புள்ளியாக வாயில் தலைகாட்டும். மேலண்ணமும் மேல் ஈறும் அது அதிகம் வரும் இடங்கள்.

உறையவைக்கும் முறையில் இந்த வேறுபாடு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், கத்தியால் வெட்டினால் வெட்டிய துண்டை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கலாம். உறையவைத்தால் திசு இருந்த இடத்திலேயே அழிந்துபோகும்; நுண்ணோக்கியில் பார்க்க எதுவும் மிஞ்சாது. ஒரே பக்கத்தில் மட்டும் இருக்கும் கறுப்பு, அண்மையில் வந்த கறுப்பு, வளரும் கறுப்பு, ஓரம் ஒழுங்கற்ற கறுப்பு, ரத்தம் கசியும் கறுப்பு ஆகிய எதையும் என்னவென்று உறுதி செய்யாமல் உறையவைக்கக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

குளிர் செல்லை எப்படிக் கொல்கிறது?

ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரை ஒட்டி மறந்துவைத்த முருங்கைக்காயை நினைத்துக்கொள்ளுங்கள். எடுக்கும்போது கல் போல இருக்கும். கெட்டுப்போன மாதிரியே தெரியாது. மேடையில் வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தோல் தளர்ந்து, உள்ளே சதை கொழகொழவென்று ஆகி, தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கும். நாரோ அப்படியே இருக்கும். சேதம் உறையும்போதே நடந்துவிட்டது. உருகும்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிந்தது. சதை போனது, நார் தங்கியது. ஈறில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான்.

உயிருள்ள செல் என்பது உப்பும் புரதமும் கரைந்த நீர் நிரம்பிய பை. செல்களுக்கு இடையிலும் அப்படிப்பட்ட நீர்தான். குளிரவைக்கும்போது முதலில் செல்லுக்கு வெளியே இருக்கும் நீர் உறையத் தொடங்குகிறது. பனிப்படிகம் தூய நீரை மட்டும் சேர்த்துக்கொள்ளும், உப்பை ஒதுக்கிவிடும். மீதியிருக்கும் நீரில் உப்பு அடர்ந்துபோகிறது. அந்த அடர்த்தியைச் சமன் செய்ய, செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியே இழுக்கப்படுகிறது. செல் வற்றிச் சுருங்கி, அதன் புரதங்களும் சவ்வும் சிதைகின்றன.

குளிர் வேகமாக இறங்கினால், நீர் வெளியேற நேரமே கிடைக்காமல் செல்லுக்குள்ளேயே படிகம் உருவாகும். இது இன்னும் கொடியது. செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய பாகங்களைக் குத்திக் கிழித்துவிடும். பிறகு உருகும் கட்டம். மெதுவாக உருகும்போது சிறு படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகி, மிச்சம் மீதியையும் உடைக்கின்றன. வற்றிக் கிடந்த செல்லுக்குள் நீர் திரும்பப் பாய்ந்து அது வெடிக்கவும் செய்யும். வேகமாக உறையவை, மெதுவாக உருகவிடு என்பது இந்தச் சிகிச்சை செய்பவர்களின் அடிப்படை விதி. அதனால்தான் உறைந்த ஈறை வெந்நீர் ஊற்றி உருக்கமாட்டார்கள். தானாக உருகட்டும் என்று காத்திருப்பார்கள்.

இதோடு முடியவில்லை. அந்த இடத்து நுண்ணிய ரத்தக் குழாய்களின் உட்சுவரும் குளிரால் புண்படுகிறது. அடுத்த சில மணி நேரங்களில் அவற்றில் ரத்தம் கட்டிக்கொண்டு ஓட்டம் நின்றுபோகிறது. குளிரில் தப்பிய செல்லும் உணவும் உயிர்வளியும் கிடைக்காமல் இறக்கிறது. ரத்தம் வராத சிகிச்சை என்று சொல்வது இதனால்தான். வெட்டுக் காயம் இல்லை, குழாய்களும் அடைபட்டுவிட்டன.

இப்படி மிகுந்த குளிரால் திசுவை வேண்டுமென்றே அழித்துச் செய்யும் சிகிச்சைக்குக் கிரையோசர்ஜரி என்று பெயர். நாம் உறைசிகிச்சை என்று சொல்வோம்.

நிறமிச் செல் ஏன் முதலில் மாட்டுகிறது?

எல்லாச் செல்லும் ஒரே குளிரில் சாவதில்லை. நிறமிச் செல் மிகவும் மென்மையானது. −4 முதல் −7 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இறந்துவிடும். மேற்படலத்தின் மற்றச் செல்களை அழிக்க −20 டிகிரியும் அதற்குக் கீழும் வேண்டும். கொலாஜன் நாரோ முருங்கை நாரைப் போல, குளிரைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. தோல் மருத்துவர்கள் திரவ நைட்ரஜனால் மருவை உறையவைத்த இடத்தில் பல நேரம் வெள்ளைத் திட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். தோலில் வேண்டாத பக்கவிளைவு அது. ஈறில் அதே விளைவைத்தான் வேண்டிச் செய்கிறார்கள்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, குளிர் நிறமிச் செல்லை மட்டும் பொறுக்கி எடுத்துவிடும் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். நடைமுறையில் குளிர் தொட்ட இடத்து மேற்படலம் முழுதுமே இறந்து உரிகிறது. இதை வெளுப்பாக்கும் சிகிச்சை என்று அழைப்பது தவறு. நிறம் எதுவும் வெளுக்கவில்லை. நிறமியைச் செய்தவரும் வாங்கி வைத்திருந்தவரும் சேர்ந்தே போகிறார்கள். அடியில் கொலாஜன் சட்டகம் சிதையாமல் நிற்பதால், சுற்றிலும் இருக்கும் நல்ல செல்கள் அதன் மேல் ஊர்ந்து வந்து புதிய படலத்தைத் தழும்பில்லாமல் விரிக்க முடிகிறது. அந்தப் புதிய படலத்தில் நிறமிச் செல்கள் குறைவு, அல்லது இல்லை. அடியிலுள்ள ரத்த ஓட்டத்தின் நிறம் மெல்லிய படலம் வழியே தெரிவதால் ஈறு இளஞ்சிவப்பாகத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னதைச் சேர்த்துப் பார்த்தால்: குளிர் செல்களை வற்றவைத்தும் உடைத்தும் கொல்கிறது, ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறது, நாரை விட்டுவைக்கிறது. உரிந்த இடத்தில் நிறமி குறைந்த புதுப் படலம் வளர்கிறது. கடுங்குளிரில் தோல் உறைந்து புண்படுவதைப் பனிக்கடி என்பார்கள்; அளவோடு செய்த பனிக்கடி என்றே இதைச் சொல்லலாம்.

குளிர் எங்கிருந்து வருகிறது?

குளிரை மருந்தாக்கும் எண்ணம் பழையது. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஆர்னட் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஐஸும் உப்பும் கலந்த கலவையைக் கட்டிகளின் மேல் வைத்துப் பார்த்தார். வாயுக்களைத் திரவமாக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் உண்மையான வேகம் வந்தது. 1961-இல் நியூயார்க் நரம்பு அறுவை மருத்துவர் இர்விங் கூப்பர், திரவ நைட்ரஜன் ஓடும் மெல்லிய குழாய்முனைக் கருவியைக் கொண்டுவந்தார். நடுக்குவாதத்துக்காக மூளையின் ஆழத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் உறையவைக்க அதைப் பயன்படுத்தினார். அதன் பின் தோல், கண், வாய் என்று ஒவ்வொரு துறையும் இந்த முறையை எடுத்துக்கொண்டது.

ஈறுக் கறுப்புக்கு வந்தது சற்றுத் தாமதமாகத்தான். 1987-இல் இஸ்ரேலைச் சேர்ந்த டாலும் அவருடன் பணியாற்றியவர்களும், வாயு விரிவதால் குளிரும் கருவியின் முனையை ஈறில் வைத்துக் கருமையை நீக்கியதை எழுதினார்கள். 1998-இல் யே என்பவர் இதை இன்னும் எளிதாக்கினார். கருவியே இல்லை, பஞ்சுக்குச்சியைத் திரவ நைட்ரஜனில் தோய்த்து, ஈறில் 20 முதல் 30 விநாடி வைத்துக் காட்டினார்.

திரவ நைட்ரஜனின் கொதிநிலை −196 டிகிரி. காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் அதே நைட்ரஜன்தான், நச்சு எதுவும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொள்வதே பெரிய பாடு. இரட்டைச் சுவருக்கு நடுவே வெற்றிடம் உள்ள டெவார் குடுவையில்தான் வைக்க முடியும். மூடியை இறுக மூடக் கூடாது. ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாக விரியும் என்பதால் குடுவை வெடித்துவிடும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் நாளுக்கு நாள் ஆவியாகிக்கொண்டே இருக்கும். காற்றோட்டம் இல்லாத சிறு அறையில் அதிகமாக ஆவியானால் மூச்சுவிடும் காற்றில் உயிர்வளி குறையும். மருவுக்குத் தினமும் இதை எடுக்கும் தோல் மருத்துவருக்குக் கட்டுப்படியாகும். எப்போதாவது ஒருவர் ஈறுக்காக வரும் சிறிய பல் மருத்துவமனைக்கு இது கட்டுப்படியாவதில்லை.

இந்தச் சிக்கலுக்கு 2007-இல் துருக்கிய மருத்துவர்கள் ஆரிகானும் குர்கானும் ஒரு வழி காட்டினார்கள். பல்லின் உள்ளே நரம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, பல் மருத்துவர்கள் ஒரு குளிர் ஸ்ப்ரேயைப் பஞ்சில் அடித்துப் பல்லில் வைப்பார்கள். அதிலிருப்பது டெட்ராஃபுளூரோஈத்தேன் என்ற வாயு. கார் ஏசியில் நெடுங்காலம் நிரப்பிவந்த அதே வாயு. அதன் கொதிநிலை சுமார் −26 டிகிரி. நைட்ரஜனோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் நிறமிச் செல்லுக்கு −7 டிகிரியே போதும் என்பதை நினைவில் வையுங்கள். மெல்லிய மேற்படலத்துக்கு இந்தக் குளிரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைத்தாலே வேலை நடக்கிறது. தனிக் குடுவையும் தேவைப்படுவதில்லை. மிகுந்த குளிரைத் தேடி ஓடாமல் தேவையான குளிர் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். இந்த முறையில் எனக்குப் பிடித்ததே அந்தக் கேள்விதான்.

நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன நடக்கும்?

முதலில் பல்லைச் சுத்தம் செய்து, ஈறில் வீக்கமோ ரத்தக் கசிவோ இருந்தால் அதை ஆற்றிய பிறகே இந்த வேலைக்கு வருவார்கள். அன்று உதட்டையும் கன்னத்தையும் விலக்கிவைத்து, ஈறைத் துணியால் ஒற்றி உலர்த்துவார்கள். எச்சில் ஈரம் இருந்தால் அதுதான் முதலில் உறைந்து, குளிர் உள்ளே இறங்காமல் மறிக்கும். மரத்துப்போக மேலே ஸ்ப்ரே அடிப்பார்கள், சிலர் ஊசி போடுவார்கள்.

குளிர்ந்த பஞ்சை அழுத்தாமல் ஈறில் வைத்ததும் அந்த இடம் சட்டென்று வெள்ளையாக இறுகும். முதலில் சுள்ளென்று எரியும், பிறகு குளிரே மரத்துப்போகச் செய்துவிடும். சில பல் அகலத்துக்கு ஒரு முறை என்று பகுதி பகுதியாகத்தான் செய்வார்கள். எடுத்த ஒரு நிமிடத்துக்குள் உருகி, வெள்ளை மறைந்து செக்கச் சிவப்பாகும். தையல் இல்லை, கட்டு இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நடப்பதைத்தான் பலர் சொல்வதில்லை. இரண்டு மூன்று நாளில் ஈறின் மேல் வெண்மையான, பார்க்க அருவருப்பான ஏடு படியும். சீழ் பிடித்துவிட்டது என்று பலர் பயந்துவிடுவார்கள். அது சீழ் இல்லை, இறந்த மேற்படலம். அதைப் பிய்க்கக் கூடாது, தானாக உரியும். அடியில் தெரியும் ஈறு சிவந்து, மென்மையாக, தொட்டால் உறைக்கும். ஒன்று இரண்டு வாரத்தில் பார்வைக்கு இயல்பாகிவிடும். மேலே கெரட்டின் என்ற கடினப் புரதப் பூச்சு முழுதும் வந்து உறுதியாக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை காரம், புளிப்பு, கொதிக்கும் காபி, முறுக்கு போன்ற கரகர பண்டம் எல்லாவற்றையும் ஒதுக்கவேண்டும். விட்டுப்போன திட்டுகள் இருந்தால் இன்னொரு முறை செய்வார்கள்.

கத்தி, லேசர், குளிர்

கத்தியால் மேற்படலத்தைச் சீவி எடுப்பது பழைய முறை. செலவு குறைவு, ஆழம் மருத்துவரின் கண் முன்னால் தெரியும். ஆனால் ரத்தம் வரும், புண் திறந்திருக்கும், சில நாள் கட்டு வேண்டியிருக்கும். லேசரில் ரத்தம் குறைவு, வேலை துல்லியம். கருவியின் விலை நோயாளியின் பில்லில் வந்து விழும். குளிரில் ரத்தமும் இல்லை, பெரிய கருவியும் இல்லை. ஆனால் எவ்வளவு ஆழம் உறைந்தது என்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லை. விநாடிகளை எண்ணி, அனுபவத்தால் கணிப்பதுதான். கூடுதலாக வைத்துவிட்டால், அதுவும் ஈறு மெல்லியதாக உள்ளவருக்கு, புண் ஆழமாகி ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் தெரியக்கூடும். திரவ நைட்ரஜன் சொட்டி உதட்டிலோ நாக்கிலோ விழுந்தால் அங்கேயும் புண்தான்.

எந்த முறை சிறந்தது என்று ஒரே வரியில் கேட்பவர்களுக்கு, செய்பவரின் கை எந்த முறையில் பழகியதோ அதுவே என்பதுதான் என் பதில்.

கறுப்பு திரும்பி வருமா?

வரலாம். ‘நிரந்தரம்’ என்ற சொல்லை விளம்பரத்தில் பார்த்தால் சந்தேகப்படுங்கள். ஈறை வெட்டிய பிறகு நிறம் திரும்புவதைப் பற்றி டம்மெட்டும் போல்டனும் 1963-இலேயே எழுதிவிட்டார்கள். உறையவைத்த இடத்தின் ஓரத்தில், தொடாமல் விட்ட பகுதியில், நிறமிச் செல்கள் உயிரோடு இருக்கின்றன. புதுப் படலம் வளரும்போது அவையும் மெல்ல நகர்ந்து உள்ளே வந்து, தங்கள் வேலையைத் தொடங்கிவிடுகின்றன. பல்லை ஒட்டிய விளிம்பும் பல்லிடைக் கூம்பும் சரியாக உறையாமல் விடுபடும் இடங்கள். கறுப்பு அங்கிருந்தே திரும்பத் தொடங்குவதுண்டு. குளிர் சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள், சில ஆண்டுகள் வரை நிறம் திரும்பாதவர்களைப் பற்றிய பதிவுகள் இருக்கின்றன. ஆனால் மரபணு மாறிவிடவில்லை. செல் வந்து சேர்ந்தால் மெலனினும் வரும். புகைப்பதை நிறுத்தாமல் இதைச் செய்துகொள்வது பணத்தை வீணாக்குவது.

செய்துகொள்ளலாமா?

உடல்நலத்துக்காக இதைச் செய்ய வேண்டிய தேவை யாருக்குமே இல்லை. இது முழுக்க அழகு சார்ந்த விருப்பம். விருப்பம் என்பதால் தவறும் இல்லை; சிரிக்கும்போது ஈறு அதிகம் தெரியும் ஒருவருக்கு அது உறுத்தலாக இருந்தால் செய்துகொள்ளலாம். ஆனால் எது அழகு என்பது ஊருக்கு ஊர் மாறும். செனகலிலும் எத்தியோப்பியாவிலும் பெண்கள் வெளிர் ஈறில் புகைக்கரியைக் குத்திக் கறுப்பாக்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. கறுத்த ஈறில்தான் பல் பளிச்சென்று தெரியும் என்பதற்காக. மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள் என்பதற்காக ஒரு பெண்ணை இதற்கு அழைத்துப் போகும் பெற்றோர், அவளுக்கு இது வேண்டுமா என்று அவளிடம் கேட்டுவிட்டுப் போகட்டும்.

சிலருக்கு இது ஆகாது. குளிர் பட்டால் உடம்பு தடித்து அரிக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள், குளிரில் விரல் வெளிறி நீலமாகும் ரேனோ நோய் உள்ளவர்கள், ரத்தத்தில் குளிர் பட்டால் திரளும் புரதம் உள்ளவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும். ஈறில் நோய் இருக்கும்போதும், சர்க்கரை கட்டுப்படாமல் இருக்கும்போதும் ஒத்திப்போடுவது நல்லது. வளரும் பிள்ளைகளுக்கு அவசரமே இல்லை.

கருமையான ஈறு உள்ளவர்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஈறு நோயின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று சிவப்பு. கறுப்பின் அடியில் அந்தச் சிவப்பு பளிச்சென்று தெரியாது. அதனால் நிறத்தை நம்பாமல், பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, ஈறு உப்பியிருக்கிறதா, வாய் நாறுகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் போக வேண்டிய இடம் ஈறு மருத்துவர். நிறம் பற்றிய பேச்சு அதற்கு அப்புறம்.

வீட்டு ஐஸ் போதாதா?

போதாது. எந்த ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் கட்டியும் வாய்க்குள் வந்ததும் 0 டிகிரியில் உருகத் தொடங்கிவிடும். அடியில் 37 டிகிரி ரத்தம் ஓடிக்கொண்டே ஈறைச் சூடாக்கும். நிறமிச் செல்லுக்குத் தேவையான −4 டிகிரியை எவ்வளவு நேரம் வைத்தாலும் அது எட்டாது. வாய் மரத்துப்போகும், அவ்வளவுதான். இதைப் படித்துவிட்டு ‘அப்படியானால் உலர் ஐஸ் வாங்கி வைத்தால்?’ என்று யாருக்காவது தோன்றினால், தயவுசெய்து வேண்டாம். அது −78 டிகிரி. விநாடிகளை எண்ணவும், உதட்டையும் நாக்கையும் விலக்கிப் பிடிக்கவும், ஆழத்தைக் கணிக்கவும் கண்ணாடி முன் நின்று ஒருவர் தனக்குத்தானே செய்துகொள்ள முடியாது. ஈறுக்குக் கீழே அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டரில் எலும்பு இருக்கிறது. அங்கே உறைந்து இறந்த எலும்பைத் திரும்ப வளர்க்க எந்த மருத்துவமனையிலும் எளிய வழி கிடையாது.